மேசையைத் தாண்டும் அமைப்புகள்: ஹாம் ரேடியோ டிஜிட்டல் மென்பொருளில் எதை யார் தீர்மானிப்பது?

எந்த மென்பொருளை எடுத்துக்கொண்டாலும் அதன் அமைப்புப் பலகத்தில் ‘மற்றவை’ என்று ஒரு பக்கம் இருக்கும். வேறு தலைப்பில் அடங்காததையெல்லாம் நிரல் எழுதியவர் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார். ஹாம் ரேடியோவின் டிஜிட்டல் முறைகளுக்கான மென்பொருள்களும் இதற்கு விலக்கல்ல. எஃப்எல்டிஜி மென்பொருளின் பழைய பதிப்புகளில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் பல சங்கதிகள் ஒரே கூரையின் கீழ் குடியிருந்தன. கணினியின் வேகம் 700 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைவா என்று ஒரு கட்டம். வேறு முறைக்கு மாறும்போது கர்சர் எந்த அதிர்வெண்ணில் போய் நிற்க வேண்டும் என்று ஓர் எண். கேட்ட நிலையங்களை இணையத்துக்கு அறிவிக்கலாமா என்று ஒரு கேள்வி. நாம் அனுப்பப்போகும் முறை இன்னதென்று ஒலிக்குறியால் முன்கூட்டியே சொல்லும் ஆர்எஸ்ஐடி வசதி.

முதல் இரண்டைத் தப்பாக வைத்தால் சிரமம் வைத்தவருக்கு மட்டும்தான். மற்ற இரண்டும் அப்படியல்ல. அவை முன்பின் தெரியாத ஒருவரின் திரைக்குப் போய்ச் சேருகின்றன. ஆனால் பலகத்தில் இந்த வேறுபாடு தெரிவதில்லை. எல்லாம் ஒரே அளவுக் கட்டம், ஒரே எழுத்து.

இந்த அமைப்புகளை நிரல் எழுதியவர் தீர்மானித்துக் கொடுத்துவிட வேண்டுமா, ரிக்கின் (வானொலிக் கருவியின்) முன் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்ய வேண்டுமா? டெலிபிரிண்டர் காலத்திலிருந்தே இந்தக் கேள்விக்கு வெவ்வேறு பதில்கள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. அந்தப் பதில்கள் எந்தச் சூழலில் பிறந்தன, எங்கே தடுமாறுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

எல்லாம் கையில் இருந்த காலம்

அமெரிக்க ஹாம்களுக்குக் குறு அலைவரிசைகளில் அதிர்வெண் மாற்றி அனுப்பும் டெலிடைப் முறைக்கு 1953இல் அனுமதி கிடைத்தது. ராணுவமும் செய்தி நிறுவனங்களும் கழித்துக் கட்டிய இயந்திரங்கள் கொட்டகைகளுக்கும் வீட்டின் அடித்தளங்களுக்கும் வந்து சேர்ந்தன. நிமிடத்துக்கு 60 சொல், 45.45 பாட் வேகம், ஐந்து துடிப்புகளால் ஆன எழுத்துகள். மோட்டாரின் வேகம் சரிதானா என்று பார்க்க இசைக்கவை ஒன்று உண்டு. அதிரும் கவையின் இடுக்கு வழியாகச் சுழலும் சக்கரத்தின் பட்டைகளைப் பார்க்க வேண்டும். பட்டைகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. நகர்ந்தால் திருகைத் திருப்ப வேண்டும். அமைப்பு என்பது கண்ணால் பார்த்துக் கையால் திருத்தும் ஒன்றாக இருந்தது.

‘இயக்குபவர்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு’ என்ற நிலைப்பாடு பிறந்தது இங்கேதான். அதில் நியாயம் இருந்தது. இயந்திரத்தைப் பிரித்துப் போட்டவருக்கு அதன் ஒவ்வொரு திருகும் தெரியும். ஆனால் அந்தக் காலத்திலேயே அந்த நிலைப்பாட்டின் ஓட்டையும் தெரிந்துவிட்டது. ஐந்து துடிப்பால் 32 சேர்க்கைகள்தான் கிடைக்கும். எழுத்தும் எண்ணும் சேர்ந்து அதில் அடங்காது. எனவே எழுத்துக்கு ஒரு மாற்றுக்குறி, எண்ணுக்கு ஒரு மாற்றுக்குறி. இரைச்சலில் எண்ணுக்கான குறி தவறிப்போனால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் எழுத்தாகவே அச்சாகும். இதை மட்டுப்படுத்த ஒரு வழி கண்டார்கள்: சொல் இடைவெளி வந்ததும் பெறும் கருவி தானாக எழுத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

இன்றும் ஆர்டிடிஒய் (ரேடியோ டெலிடைப்) மென்பொருள்களில் இது ஒரு சிறு கட்டமாக இருக்கிறது. பெறுபவர் அதை இயக்கி வைத்திருக்கிறார், அனுப்புபவரின் நிரலோ இடைவெளிக்குப் பின் எண் குறியைத் திரும்ப அனுப்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். ‘599 003’ என்று அனுப்பியதில் முதல் பகுதி சரியாக வரும். இரண்டாவது ‘பி பி இ’ என்று அச்சாகும். 599 என்ற அறிக்கையே சில நேரம் ‘டி ஓ ஓ’ என்று வருவதும் உண்டு. போட்டிகளில் பழகியவர்கள் அதைப் பார்த்தவுடனே 599 என்று படித்துக்கொள்வார்கள். இங்கே யார் அமைப்பு தப்பு என்று சொல்ல முடியாது. தனித்தனியே இரண்டும் சரி, சேர்ந்தால்தான் கோளாறு. எல்லாம் என் கையில் என்றவருக்கு, எதிர்முனைக்காரரின் கையும் அதே அமைப்பில் பாதியைப் பிடித்திருக்கிறது என்பது இப்படித்தான் தெரிய வந்தது.

பாக்கெட் ரேடியோ விட்டுச்சென்ற எண்கள்

1980களில் பாக்கெட் ரேடியோ வந்தபோது அமைப்புகள் திருகிலிருந்து எண்ணுக்கு மாறின. பிடிடி (அனுப்பும் விசை) அழுத்திய பின் எவ்வளவு நேரம் காத்திருந்து தரவை அனுப்புவது, ஒரு பாக்கெட் எத்தனை எழுத்து என்றெல்லாம் கணினிக்கும் ரேடியோவுக்கும் இடையில் இருந்த பெட்டிக்குக் கட்டளையாகத் தட்டிவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் பெட்டி வந்த நிலையிலேயே பயன்படுத்தினார்கள்.

அவற்றில் ஒரு எண் மட்டும் தனியே கவனிக்கத்தக்கது. 1987இல் வந்த கிஸ் நெறிமுறையில் ‘விடாப்பிடி’ என்று பொருள்படும் ஓர் அளவு உண்டு. அதன் இயல்பு மதிப்பு 63. தடம் காலியானதும் பெட்டி மனத்துக்குள் ஒரு சீட்டுக் குலுக்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 63 என்று வைத்தால் நான்கில் ஒரு தடவை உடனே அனுப்பும், மற்ற மூன்று தடவை ஒரு கணம் பொறுத்து மறுபடி பார்க்கும். 255 என்று மாற்றினால் தடம் காலியான மறுகணமே எப்போதும் அனுப்பும். ஒருவர் மட்டும் இதைச் செய்தால் அவருக்கு லாபம். எல்லோரும் செய்தால் எல்லோரும் ஒரே கணத்தில் மோதிக்கொள்வார்கள்; யாருடைய பாக்கெட்டும் போய்ச் சேராது. வரிசையில் நிற்கும் பழக்கமே ஓர் எண்ணாகிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. ‘மற்றவை’ பக்கத்தில் வந்து சேரும் அமைப்புகளின் இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

சவுண்ட் கார்டும் ஏஎல்சி விவாதமும்

1998 இறுதியில் பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் மார்ட்டினெஸ் பிஎஸ்கே31 முறைக்கான விண்டோஸ் நிரலை வெளியிட்டார். போலந்தைச் சேர்ந்த பாவெல் யலோகாவின் சோதனைகளே அதற்கு அடிப்படை. தனிப் பெட்டி எதுவும் வேண்டாம்; கணினியின் சவுண்ட் கார்டு போதும். 31 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் விசைப்பலகை உரையாடல் ஒன்றை நடத்திவிடலாம். சிறு பவரும் பால்கனி ஆண்டெனாவும் வைத்திருப்பவர்கள் கண்டம் தாண்டிப் பேசத் தொடங்கினார்கள்.

கூடவே வந்தது ஒலி அளவுச் சிக்கல். பிஎஸ்கே31 குறியில் அலையின் கட்டம் (ஃபேஸ்) திரும்பும் ஒவ்வொரு முறையும் அலையின் உயரம் சுழிவரை இறங்கி ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சிதைக்காமல் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் வேண்டும். ஒலியைக் கூடுதலாகக் கொடுத்தால் ரிக்கில் உள்ள ஏஎல்சி சுற்று விழித்துக்கொண்டு பவரைக் கீழே இழுக்கும். இழுக்கும்போது அலையின் வடிவம் நசுங்கும். வாட்டர்ஃபால் திரையில் இதன் விளைவு பளிச்சென்று தெரியும். எதுவும் தட்டாமல் சும்மா இருக்கும் பிஎஸ்கே31 நிலையம் 31.25 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டு மெல்லிய கோடுகளாக இறங்கிவரும். ஒலி மிஞ்சிய நிலையமோ இருபுறமும் கூடுதல் கோடுகள் முளைத்து, யார்டில் நிற்கும் தண்டவாளங்களைப்போல அகன்று தெரியும். அந்த அகலத்தில் பேசிக்கொண்டிருந்த இன்னும் மூன்று நான்கு பேரின் எழுத்துகள் உடைந்துபோகும். அனுப்புபவருக்கோ தன் திரையில் எதுவும் தெரியாது.

‘ஏஎல்சி முள் அசையவே கூடாது’ என்ற விதி இந்த அனுபவத்திலிருந்து வந்தது. நல்ல விதி, எத்தனையோ சண்டைகளைத் தவிர்த்த விதி. பிஎஸ்கே31 மென்பொருள்கள் எதிர்முனைக் குறியின் சிதைவை டெசிபெல்லில் அளந்து காட்டவும் செய்தன. ‘உங்கள் குறி அகலமாக வருகிறது’ என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்வது அன்றைய நாகரிகத்தில் ஒரு பகுதியாக இருந்தது.

2017 ஜூலையில் எஃப்டி8 முறை வந்த பிறகு இந்த விதி வேறொரு சூழலில் வந்து மாட்டிக்கொண்டது. எஃப்டி8 ஒரு கணத்தில் ஒரே ஒரு ஒலியைத்தான் அனுப்பும். எட்டு ஒலிகளுக்கிடையே தாவும், ஆனால் உயரம் மாறாது. உயரம் மாறாத அலையை ஏஎல்சி கொஞ்சம் கீழே இழுத்தாலும் பக்கத்தில் கோடுகள் முளைப்பதில்லை. ஆகவே ஏஎல்சி முள் சற்று எழுந்தாலே குற்றம் என்பது எஃப்டி8க்குப் பொருந்தாது என்று ஒரு தரப்பினர் வாதிடுகிறார்கள். ரிக்கின் கையேட்டிலேயே ஏஎல்சிக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை குறித்துக் கொடுக்கப்பட்டிருப்பதையும் எடுத்துக்காட்டுகிறார்கள். மறுதரப்பினர் பழைய விதியை விடத் தயாரில்லை.

என் கணிப்பில், இயற்பியலைப் பொறுத்தவரை முதல் தரப்பு சொல்வது சரி. ஆனால் அவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். சேதம் பெரும்பாலும் ஏஎல்சி வேலை செய்யும் இடத்தில் நடப்பதில்லை. அதற்கு முன்பே, சவுண்ட் கார்டின் வெளியீட்டிலோ ரிக்கின் ஒலி உள்ளீட்டிலோ நடந்துவிடுகிறது. அங்கே ஒலி வெட்டுப்பட்டால் அதன் மடங்கு ஒலிகள் பிறக்கும். 700 ஹெர்ட்ஸ் ஒலி வெட்டுப்பட்டால் 1400இலும் 2100இலும் அதன் நகல்கள். ரிக்கின் வடிகட்டி ஏறக்குறைய 2700 ஹெர்ட்ஸ்வரை எல்லாவற்றையும் வெளியே விடும். விளைவாக ஒரே அழைப்புக்குறி திரையில் மூன்று இடங்களில் தெரியும். ஏஎல்சி முள் படுத்துக்கிடக்கும்போதே இது நடக்கலாம். அதாவது, இரு தரப்பினரும் சண்டையிடும் முள் இந்தக் கோளாறை நேரடியாக அளக்கும் கருவியே அல்ல. ஏஎல்சி ஓர் அடையாளம் மட்டும்.

இதே காலத்தில் வந்த இன்னொரு கோளாறையும் இங்கே சொல்லிவிடலாம். அனுப்பும் ஒலிக்கான கருவியைத் தேர்ந்தெடுக்காமல் ‘இயல்பு’ என்று விட்டுவிட்டால், விண்டோஸின் மணியோசையும் மின்னஞ்சல் அறிவிப்பும் அதே வழியில் ரிக்குக்குப் போகும். ஒலியால் தானே இயங்கும் பிடிடி வைத்திருந்தால் ரிக் உடனே அதை வானில் விட்டுவிடும். இயல்பமைப்பை நம்பலாம் என்பவர்கள் இந்த ஓர் இடத்திலாவது தயங்க வேண்டும்.

நிரலே பார்த்துக்கொள்ளட்டும் என்ற பதில்

மடங்கு ஒலிச் சிக்கலுக்கு டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருள் வேறொரு விடை வைத்திருக்கிறது. இதைத் தொடங்கியவர் ஜோ டெய்லர். இரட்டைப் பல்சர் கண்டுபிடிப்புக்காக 1993இல் இயற்பியல் நோபல் பரிசை ரஸ்ஸல் ஹல்ஸுடன் பகிர்ந்துகொண்டவர். எஃப்டி8 அவரும் ஸ்டீவ் ஃபிராங்கும் சேர்ந்து உருவாக்கியது. இந்த மென்பொருளின் ரேடியோ பக்கத்தில் ‘பிரித்தியக்கம்’ என்று ஓர் அமைப்பு உண்டு. அது என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

20 மீட்டரில் டயல் 14.074 மெகாஹெர்ட்ஸில் நிற்கிறது. அனுப்ப வேண்டிய இடம் 700 ஹெர்ட்ஸ் மேலே, அதாவது 14.0747. அமைப்பை இயக்காவிட்டால் நிரல் 700 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பும். மேலே சொன்ன நகல்களுக்கு வழி திறக்கும். இயக்கியிருந்தால், அனுப்பும் கணத்தில் நிரல் டயலை 14.073க்கு இறக்கி 1700 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுக்கும். கூட்டினால் அதே 14.0747. ஆனால் இப்போது ஒலியின் இரண்டாம் மடங்கு 3400. வடிகட்டி அதை வெட்டிவிடும். எந்த இடத்தில் அனுப்பினாலும் ஒலி எப்போதும் 1500க்கும் 2000க்கும் இடையில் இருக்கும்படி நிரல் டயலை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். ரிக்கின் இரண்டாவது விஎஃப்ஓவைப் பயன்படுத்தி இதைச் செய்வது ஒரு வகை; ஒரே விஎஃப்ஓவை அனுப்பும்போது மட்டும் நகர்த்தி, முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து வைப்பது இன்னொரு வகை.

இயக்குபவருக்குப் பாடம் நடத்துவதைவிட, தவறு நடக்க முடியாதபடி நிரலை எழுதிவிடுவது என்ற நிலைப்பாட்டின் நல்ல உதாரணம் இது. ஆனால் இந்த அமைப்பு வேலை செய்ய வேண்டுமானால் கணினி ரிக்கைக் கட்டுப்படுத்த வேண்டும். அதற்குக் கேபிள் வேண்டும், போர்ட் எண் சரியாக இருக்க வேண்டும். முதன்முதலாக நிலையம் அமைப்பவர் இந்தத் தொடர்பு கிடைக்காமல் அலுத்துப்போய், ஒலியால் இயங்கும் பிடிடிக்கும் ‘பிரித்தியக்கம் வேண்டாம்’ என்பதற்கும் போய்விடுவார். அந்தப் பாதுகாப்பு மிகவும் தேவைப்படுவது அவருக்குத்தான்.

இதே சிந்தனையை இன்னும் ஒரு படி தள்ளினால், அமைப்பையே இல்லாமல் ஆக்கிவிடலாம். 2018இல் அரிய தீவுகளிலிருந்து இயங்கும் குழுக்களுக்காக எஃப்டி8இல் ‘நரி’ முறை வந்தது. நரி நிலையம் ஒரே நேரத்தில் ஐந்து குறிகள்வரை அனுப்பலாம். ஐந்து ஒலிகள் சேர்ந்தால் உயரம் ஏறி இறங்கும்; பிஎஸ்கே31 காலத்து நசுங்கல் திரும்பி வந்தது. உச்சப் பவரை மீறாமல் இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு குறிக்கும் 25இல் ஒரு பங்குதான் கிடைக்கும். 2024இல் வந்த ‘சூப்பர்ஃபாக்ஸ்’ முறை எல்லாத் தகவல்களையும் உயரம் மாறாத ஒரே குறிக்குள் வைத்துவிட்டது. நசுங்குவதற்கு ஏற்ற இறக்கமே இல்லை. 1998இல் எச்சரிக்கையாகச் சொல்லப்பட்டது, 2024இல் குறியின் வடிவத்திலேயே தீர்க்கப்பட்டுவிட்டது. இது எல்லாச் சிக்கலுக்கும் சாத்தியமா என்பது வேறு கேள்வி. ஒலியின் வெட்டு சவுண்ட் கார்டில் நடந்தால் எந்தக் குறி வடிவமும் காப்பாற்றாது.

நொடியின் கணக்கு

எஃப்டி8இல் ஒவ்வொரு நிமிடமும் 15 வினாடிகளாக நான்கு துண்டு. குறி 12.64 வினாடி நீளும். எல்லோரும் ஒரே நொடியில் தொடங்க வேண்டும். ஒரு வினாடிக்குள் விலகல் இருந்தால் நல்லது, இரண்டைத் தாண்டினால் எதிர்முனையில் பெரும்பாலும் ஒன்றும் வராது.

கணினியின் உள்ளே இருக்கும் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு தவறுவதாக வைத்துக்கொண்டால் நாளுக்கு 1.7 வினாடி, வாரத்துக்கு ஏறத்தாழ 12 வினாடி. பழைய விண்டோஸ் கணினிகள் இயல்பாக வாரத்துக்கு ஒருமுறைதான் இணையத்திடம் மணி கேட்டன. அந்தக் கணினிகளில் இயல்பமைப்பை நம்பியவர் மூன்றாம் நாளே ஊமையாகியிருப்பார். அவர் ஆண்டெனாவைச் சந்தேகித்திருப்பார், வானிலையைச் சந்தேகித்திருப்பார்.

நம் நாட்டு நேரத்துக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. உலக நேரத்திலிருந்து ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். கணினியின் நேர மண்டலம் தவறுதலாக ஐந்து மணி என்று இருந்து, கடிகாரத்தைக் கையால் நம் நேரத்துக்குத் திருத்திவிட்டால், நொடிகள் கச்சிதமாக இருக்கும். எல்லா நிலையங்களும் வரும், தொடர்பும் ஆகும். ஆனால் நிரல் கணக்கிடும் உலக நேரம் 30 நிமிடம் தள்ளி நிற்கும். பதிவேடு முழுவதும் அந்தத் தவறோடு எழுதப்படும். பின்னால் இணையத்தில் உறுதிப்படுத்தும்போது எதிர்முனையின் பதிவோடு பொருந்தாமல் போகலாம். திரையில் எந்தக் குறையும் தெரியாத தவறு இது.

கடிகார விஷயத்தில் இரு நிலைப்பாடுகள் உள்ளன. டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் கணினியின் கடிகாரத்தைத் தொடுவதில்லை. சரியான நேரம் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு என்கிறது. 2018இல் வந்த ஜேஎஸ்8கால் மென்பொருள், கேட்கும் நிலையங்களின் நொடியைப் பார்த்துத் தன் கணக்கை நகர்த்திக்கொள்ள வசதி தருகிறது. இணையமோ ஜிபிஎஸ்ஸோ இல்லாத மலையடிவார முகாமில் இது உண்மையான உதவி. ஆனால் முகாமில் உள்ள எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் நகர்ந்தால், கூட்டமே சேர்ந்து உண்மை நேரத்திலிருந்து விலகிப் போக முடியும். பிஎஸ்கே31 காலத்தில் இதே நோய் வேறு வடிவில் இருந்தது. தானாக அதிர்வெண்ணைத் தொடரும் வசதியை இருவரும் இயக்கி, அனுப்பும் அதிர்வெண்ணைப் பூட்டாமல் விட்டால், ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு பேண்டில் மெல்ல நகர்ந்துகொண்டே போவார்கள். ஒருவராவது அசையாமல் நிற்க வேண்டும்.

பொத்தானை அழுத்தியது யார்?

எல்லாவற்றிலும் சூடான விவாதம் தானியக்கம் பற்றியது. எஃப்டி8 செய்தி 77 பிட். அழைப்புக்குறி, நிலையம் இருக்கும் இடத்தைச் சொல்லும் கட்டக்குறி, குறி அளவு, விடைபெறும் 73. வரிசைப்படி பதில் அனுப்பும் வேலையை நிரலே செய்துவிடுகிறது. 15 வினாடிக்குள் முடிவெடுக்க வேண்டியிருப்பதால் அது நியாயமும்கூட. டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸை உருவாக்கியவர்கள் அதற்குமேல் போகாமல் வேண்டுமென்றே நிறுத்தினார்கள். ஒரு தொடர்பு முடிந்ததும் நிரல் தானாக அடுத்ததைத் தேடிப் போகாது. யாரும் விசையைத் தொடாமல் சில நிமிடம் போனால் ‘காவல் நேரம்’ அனுப்புவதை நிறுத்தும்; அதன் இயல்பு மதிப்பு 6 நிமிடம்.

திறந்த மூல நிரல் என்பதால் இதை மாற்றி எழுதி, உறங்கும்போதும் தொடர்பு சேர்க்கும் வடிவங்களையும் சிலர் உருவாக்கினார்கள். அவர்களின் வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல: மனிதர் செய்வது ஒரு கிளிக் மட்டுமென்றால், அந்தக் கிளிக்கில் அப்படி என்ன இருக்கிறது? டபிள்யூஎஸ்பிஆர் கலங்கரை நிலையங்கள் நாள்முழுக்கத் தானாகத்தானே அனுப்புகின்றன?

எதிர்வாதம் இரண்டு வகை. ஒன்று விருது சார்ந்தது. ஏஆர்ஆர்எல் அமைப்பின் டிஎக்ஸ்சிசி விதிகள் ஒவ்வொரு தொடர்பையும் இரு முனையிலும் இயக்குபவரே அந்நேரத்தில் தொடங்கியிருக்க வேண்டும் என்கின்றன. இன்னொன்று, என் பார்வையில் இதைவிட வலுவானது: கேட்காமல் அனுப்பக்கூடாது என்ற பொறுப்பு. கலங்கரை நிலையம் யாரையும் அழைப்பதில்லை. அழைக்கும் இயந்திரம் பதிலை எதிர்பார்த்து இன்னொருவரின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. மறுமுனையில் யாரும் இல்லை.

காவல் நேரத்தின் மேல் அதிக நம்பிக்கை வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அது கணினிக்குள் ஓடும் நிரல். ஆண்டெனாவின் அலை யூஎஸ்பி கேபிளில் ஏறிக் கணினியே உறைந்துபோனால், காவலாளியும் சேர்ந்து உறைந்துவிடுவார். ரிக் அனுப்பிக்கொண்டே இருக்கும். ரிக்கின் மெனுவில் உள்ள நேர எல்லைதான் அப்போது காப்பாற்றும். அந்த அமைப்போ மென்பொருளின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

கட்டக்குறியும் வரைபடமும்

கேட்ட நிலையங்களை பிஎஸ்கே ரிப்போர்ட்டர் தளத்துக்கு அறிவிப்பதா வேண்டாமா என்பது பலருக்கும் ஒரு வசதி, அவ்வளவுதான். ஆனால் 2017 ஆகஸ்ட் 21 சூரிய கிரகணத்தின்போது அயனி மண்டலம் எப்படி மாறியது என்பதை ஆராய்ந்த ஹாம்ஸை குழுவினர் இத்தகைய அறிவிப்புகளைத் தரவாகப் பயன்படுத்தினார்கள். அறிவிப்பில் உள்ள கட்டக்குறி தவறினால் தரவும் தவறும். சென்னை என்கே03 கட்டத்தில் இருக்கிறது. 80 பாகைத் தீர்க்கரேகையைச் சற்றே மேற்கே தாண்டிய செங்கல்பட்டு எம்கே92. ஒருவர் ஊர் மாறி, அமைப்பை மாற்ற மறந்தால், முன் இரண்டு எழுத்திலேயே தவறு தொடங்கிவிடும். யாழ்ப்பாணமும் அதே ரேகையை ஒட்டியே, கிழக்கே என்ஜே09இல் இருக்கிறது. இந்த நான்கு எழுத்தெண்களை ஒருமுறை சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை எந்த நிரலும் கட்டாயப்படுத்துவதில்லை.

முடிவாகாதவை

இதுவரை பார்த்த நிலைப்பாடுகளில் எதையும் முழுமையாக ஏற்கவோ தள்ளவோ முடியவில்லை. எல்லாவற்றையும் கையால் அமைப்பது அறிவைத் தந்தது, ஆனால் எதிர்முனையை மறந்தது. எல்லாவற்றையும் நிரலிடம் விடுவது தண்டவாளக் கோடுகளைக் குறைத்தது, ஆனால் கடிகாரத்திலும் ஒலிக் கருவியிலும் ஏமாற்றியது. விளைவு என் மேசையோடு நிற்கிறதா, வானில் ஏறி இன்னொருவரிடம் போகிறதா என்ற அளவுகோல் இரண்டையும்விடக் கூடுதலாக உதவும் என்றே கருதத் தோன்றுகிறது. நிறம், எழுத்துரு, கர்சர் நிற்கும் இடம் ஆகியவற்றை நிரலிடம் விடலாம். ஒலி அளவு, பிரித்தியக்கம், காவல் நேரம், கட்டக்குறி, ஆர்எஸ்ஐடி ஆகியவற்றை இயக்குபவர் தன் கையால் பார்த்தே தீர வேண்டும்.

இந்த அளவுகோலுக்கும் சில இடங்களில் பிடி கிடைப்பதில்லை. ஆர்எஸ்ஐடி ஒலிக்குறி 172 ஹெர்ட்ஸ் அகலத்தில் 1.4 வினாடி எடுத்துக்கொள்கிறது. எந்த முறை என்று தெரியாமல் தவிக்கும் புதியவருக்கு அது கைகொடுக்கும். ஆனால் 31 ஹெர்ட்ஸ் அகலமுள்ள பிஎஸ்கே31 உரையாடலுக்கு முன்னால் அதை அனுப்பினால், அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பவர்களின் மேல் ஒவ்வொரு முறையும் ஒரு பட்டை விழும். இரண்டு பக்கமும் வானில்தான். எவ்வளவு நெரிசலில் அதை அணைக்க வேண்டும் என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட எல்லை எதுவும் இல்லை.

கேட்கும் நொடியைப் பார்த்து நகரும் கடிகாரங்களை ஒரு பேரிடர் வலையில் எத்தனை பேர்வரை நம்பலாம், அதில் யார் அசையாமல் நிற்பது என்பதும் தீராத கேள்வியே. தானியக்கத்தில், ஒரு கிளிக் போதுமா, எத்தனை தொடர்புக்கு ஒரு கிளிக் என்பதற்கு விருது விதிகள் தரும் விடையும் நாட்டுச் சட்டங்கள் தரும் விடையும் ஒன்றல்ல. நிரல்களைப் பொறுத்தவரை, வானில் ஏறும் அமைப்புகளைத் தனியே பிரித்து ஒரே பக்கத்தில் வைப்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. அந்தப் பக்கத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதுகூட இன்னும் யாரும் உட்கார்ந்து பேசாத விஷயமாகவே இருக்கிறது.